ஒற்றைக் குருத்தை நம்பி நிற்கும் மரம்

தம்பி தங்கைகளே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு வேப்பமரத்தில் உங்கள் தோள் உயரத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் தென்னையிலும் அதே உயரத்தில் ஓர் ஆணி. பதினைந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு ஆணிகளும் எங்கே இருக்கும்?

மரம் வளர வளர ஆணியும் மேலே போயிருக்கும் என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. எந்த மரமும் உயரம் கூடுவது நுனியில்தான். அதனால் இரண்டு ஆணிகளும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வேம்பு பருத்திருக்கும், ஆணியின் தலையைப் புது மரமும் பட்டையும் மெல்ல மூடியிருக்கும். தென்னையில் ஆணி அடித்த அன்று இருந்தபடியே வெளியே தெரியும். அதைப் பிடுங்கினால் துளை மூடாது. அந்த மரம் உயிரோடு இருக்கும் வரை அந்தத் துளையும் இருக்கும்.

வேம்பு, மா, ஆல் போன்ற மரங்களின் பட்டைக்கு அடியில் மெல்லிய வளரும் அடுக்கு ஒன்று உண்டு. கேம்பியம் என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் உள்பக்கம் புது மரத்தையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். காயத்தை மூடுவதும் அதுதான். தென்னை, பனை, ஈச்சை, கமுகு என்று பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் இந்த அடுக்கு கிடையாது. அவை நெல், புல், மூங்கில் போல ஒருவித்திலைத் தாவரங்கள். தென்னையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் தெரியாது. நார்க்கட்டுகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும். நூறு வயதுப் பனையின் அடித்தண்டில் இருக்கும் செல்களில் பல, அந்த மரம் சின்னதாக இருந்தபோது உண்டானவை. இன்னும் உயிரோடு இருப்பவை. நூறு ஆண்டு உயிர் வாழும் ஒரு செல்! விலங்குகளில் இது மிக மிக அரிது.

இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. வேம்பின் ஒரு கிளையை வெட்டினால் அடுத்த மழையில் நான்கு துளிர் வரும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். வாழ்நாள் முழுவதும் எல்லா ஓலைகளும் எல்லாப் பாளைகளும் அங்கிருந்துதான் வர வேண்டும். அது செத்தால் மரம் செத்தது.

இப்படிப்பட்ட மரத்தை வீட்டு வாசலிலும் சாலை ஓரத்திலும் அழகுக்காக நட நாம் ஆசைப்படுகிறோம். அப்படியென்றால் எதை நடுவது? எப்படிக் காப்பது? இதற்குப் புனே நகரத்தை எடுத்துக்கொள்வோம். புனேயில் கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் தேஹு ரோட்டிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் படித்தால், மாலையில் கீழே இறங்கி நான் சொல்வதைச் சரிபார்க்கலாம். மற்றவர்கள் உங்கள் ஊர்த் தென்னையையும் பனையையும் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலானவை பொருந்தும்.

புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கத்தில், மழை மறைவில் இருக்கிறது. சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் லோணாவளாவில் கொட்டித் தீர்க்கும் மேகங்கள், புனேக்கு வரும்போது இளைத்துவிடுகின்றன. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வதில் பாதிதான். அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பிறகு அக்டோபரில் கொஞ்சம். நவம்பர் முதல் மே வரை வானம் அநேகமாக வெறுமைதான். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சில நாள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்.

மண்ணோ இன்னும் கடினம். தக்காணப் பீடபூமியில் புனே இருக்கும் பகுதி முழுக்க, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அந்தக் கரும்பாறை சிதைந்து உண்டானதுதான் கரிசல் மண். மழையில் உப்பிக் களியாகும். நீர் எளிதில் இறங்காது. கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதோடு சுண்ணாம்புச் சத்தும் கூட. கரிசல் இல்லாத இடத்தில் முரம் என்று அங்கே சொல்லும் சரளை மண். அதில் தண்ணீர் நிற்கவே நிற்காது. தோட்டம் போடுபவர்கள் ஆற்று வண்டலான போய்ட்டா மண்ணை லாரியில் வாங்கிக் கொட்டுவது இதனால்தான்.

தாங்கும் மரம் என்று நர்சரியில் சொல்வார்கள். உடனே நாம் கேட்க வேண்டியது: எதைத் தாங்கும்? உத்தராகண்டில் பித்தோராகட் அருகே தல்கேதார் மலையில் இயற்கையாகவே ஒரு பனை வளர்கிறது. டிராக்கிகார்ப்பஸ் தாகில் என்று பெயர். பனிக்கட்டி விழும் குளிரில் அசையாமல் நிற்கும். அதைக் கொண்டுவந்து புனேயின் மே மாத வெயிலில் வைத்தால் திணறிப்போகும். பனியைத் தாங்குவது ஒரு திறமை. ஏழு மாத வறட்சியையும் நான்கு மாதக் களியையும் தாங்குவது வேறொரு திறமை. புனேக்கு வேண்டியது இரண்டாவது திறமை.

புனேயில் புதிதாகக் கட்டிய எந்தக் குடியிருப்புச் சொசைட்டிக்குள் போனாலும் மூன்று பனைகளைப் பார்க்கலாம். முதலாவது ராயல் பாம். சிமெண்டுத் தூண்போல வெளுத்த தண்டு, மேலே பச்சை வழவழப்பான கழுத்து. கியூபா நாட்டின் தேசிய மரம் அது. கம்பீரமானதுதான், ஆனால் தண்ணீர் நிறையக் கேட்கும். காய்ந்த மட்டை கிலோக் கணக்கில் கனக்கும். தானாகவே கழன்று விழும். அதன் அடியில் நீங்கள் விளையாடக் கூடாது.

இரண்டாவது, அடி பருத்துக் கழுத்து சிறுத்த பாட்டில் பாம். மொரிஷியஸ் நாட்டுக்கு வடக்கே ரவுண்ட் தீவு என்ற குட்டித் தீவு இருக்கிறது. பாட்டில் பாமின் சொந்த ஊர் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ அங்கே ஆடுகளையும் முயல்களையும் கொண்டு விட்டார்கள். அவை முளைக்கிற கன்றையெல்லாம் கடித்துத் தின்றன. வளர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாக, அந்த இடத்தில் வளரக் கன்றே இல்லாமல் போயிற்று. 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் அகற்றிய பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. உலகம் முழுக்கத் தோட்டங்களில் நிற்கும் மரம், தன் பிறந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தது.

மூன்றாவது ஃபாக்ஸ்டெயில் பாம். நரிவாலைப் போல ஓலை புசுபுசுவென்று இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் கேப் மெல்வில் என்ற இடத்தில், கரும்பாறைக் குவியல்களுக்கு நடுவே மட்டும் வளர்ந்த மரம். அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கு அதை நன்றாகத் தெரியும். தாவரவியலாளர்கள் அதற்கு முறைப்படி பெயர் வைத்தது 1983இல்தான். ஜானி ஃபிளிண்டர்ஸ் என்ற பழங்குடிப் பெரியவரின் சொந்த மொழிப் பெயர் வோடியெட்டி. அவர் நினைவாக அந்த மரத்துக்கு வோடியெட்டியா என்று பெயர். உங்கள் தாத்தா பாட்டி சிறுபிள்ளைகளாக இருந்தபோது இந்தியாவில் ஒருவரும் பார்த்திராத மரம், இன்று ஒவ்வொரு சொசைட்டி வாசலிலும் நிற்கிறது.

இந்த மூன்றும் அழகுதான். வெறுக்க ஒன்றுமில்லை. ஆனால் புனேக்கு ஒரு பனை சொல் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் நான் சொல்வது ஈச்சமரம். மராட்டியில் ஷிந்தி. அறிவியல் பெயர் ஃபீனிக்ஸ் சில்வெஸ்டிரிஸ். வெளியூரிலிருந்து யாரும் கொண்டுவந்ததில்லை. தக்காணத்து ஓடைக்கரைகளில் தானாக முளைத்து நிற்பது. கடையில் நாம் வாங்கும் பேரீச்சைக்கு உடன்பிறப்பு. பத்துப் பதினைந்து மீட்டர் வரை வளரும். சாம்பல் பச்சையில் அடர்ந்த உருண்டைத் தலை. உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் தண்டு முழுக்கச் சாய்சதுரக் கட்டங்களாக ஓடும்.

தமிழ்நாட்டில் மலைச்சரிவிலும் கடலோரப் புதர்க்காட்டிலும் குத்துச்செடியாக வளரும் ஈச்சை வேறு. அவை இதன் சின்னச் சொந்தக்காரர்கள். ஷிந்தி முழு மரம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே ஈச்சமரத்தை சில்வெஸ்டர் பாம் என்று விற்கிறார்கள். ஹோட்டல் வாசலிலும் அகன்ற சாலையின் நடுத்திட்டிலும் வரிசையாக நடுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போனாலும் தாங்குகிறது, வறட்சியையும் தாங்குகிறது என்பதால் அதற்கு அங்கே நல்ல விலை. நம் ஓடைக்கரையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மரம்தான் அது! புனே நர்சரிகளில் ஃபாக்ஸ்டெயில் கேட்டால் உடனே கொடுப்பார்கள். உள்ளூர் ஷிந்தியைத் தேடித்தான் வாங்க வேண்டும். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

ஈச்சையை மற்றப் பனைகளிலிருந்து எப்படி அடையாளம் காண்பது? அதற்கு ஓலை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முருங்கை இலையைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியே அரும்பும். பனை ஓலை அப்படியில்லை. குருத்துக்குள் அது ஒரே இலைதான், நீங்கள் காகிதத்தில் செய்யும் விசிறியைப்போல மடிப்பு மடிப்பாக. விரியும்போது மடிப்புகளின் ஓரம் கிழிந்து கீற்றுகளாகிறது. எந்த மடிப்பில் கிழிகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். தென்னங்கீற்று ஒன்றை மட்டையோடு சேரும் இடத்தில் பாருங்கள். நடு ஈர்க்கு மேலே, இரண்டு ஓரங்களும் கீழே சரிந்திருக்கும். அதில் தண்ணீர் விட்டால் வழிந்தோடும். ஈச்சங்கீற்றில் நடு மடிப்பு கீழே, இரு ஓரங்களும் மேலே. தண்ணீர் விட்டால் உள்ளே தேங்கி ஓடும். ராயல் பாம், பாட்டில் பாம், ஃபாக்ஸ்டெயில் எல்லாம் தென்னை வகை. இறகுபோன்ற ஓலையில் கீற்று மேல்நோக்கி மடிந்திருந்தால் அது அநேகமாக ஈச்சை இனம்தான். இன்னொரு அடையாளமும் இருக்கிறது: மட்டையின் அடிப்பகுதியில் கீற்றுகளே நீண்ட முட்களாக மாறியிருக்கும். கை வைத்துச் சோதிக்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

இந்த முள் ஒரு குறைதான். நடைபாதை ஓரத்திலும் ஊஞ்சல் பக்கத்திலும் ஈச்சையை நடக் கூடாது. சுவரிலிருந்தும் பாதையிலிருந்தும் எட்டு பத்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வேர் சுவரைப் பெயர்த்துவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பனைக் குடும்பத்துக்கு ஆலமர வேர்போல ஆண்டுக்காண்டு பருக்கும் வேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து நூற்றுக்கணக்கான வேர்கள் கிளம்பும். ஒவ்வொன்றும் முளைத்த கனத்திலேயே கடைசிவரை இருக்கும்.

வளர்ந்த பனையைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாமரத்தை அப்படிச் செய்தால் பிழைப்பது கடினம். பனைக்கு எப்படி முடிகிறது? வேர் கிளம்பும் இடம் அடித்தண்டில் ஒரே பகுதியில் இருப்பதால், அங்கிருந்து புது வேர்கள் வந்துகொண்டே இருக்கும். தண்டின் உள்ளே நீர் சேமிப்பும் உண்டு. புது வேர் பிடிக்கும் வரை நீர் ஆவியாகி வீணாகக் கூடாது என்று ஓலைகளை மேலே தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது மரம் சாயாமலிருக்க முட்டுக்கம்பு கொடுப்பார்கள். அந்தக் கம்பைத் தண்டோடு ஆணி அடித்து நிறுத்துவதுதான் பெரிய தவறு. சாக்குத் துணி சுற்றி, அதன்மேல் கட்டை வைத்துக் கட்ட வேண்டும். தீபாவளிக்குச் சீரியல் விளக்குச் சுற்ற ஆணி அடிப்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். கயிறு போதும்.

மூடாத காயத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது வங்காளத்து ஈச்சமரங்கள். பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குவதை நீங்கள் அறிவீர்கள். ஈச்சையில் அப்படியில்லை. தலைக்குக் கீழே, மட்டைகளை நீக்கி, இளந்தண்டையே செதுக்கிச் சாறு எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் இறக்கும் அந்தச் சாற்றைக் காய்ச்சினால் நோலேன் குட் என்ற வெல்லம். இந்த ஆண்டு ஒரு பக்கம் செதுக்கினால் அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம். மரம் வளர வளர புது வெட்டுகள் மாறி மாறி மேலே ஏறி, தண்டே படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோணலாகத் தெரியும். எத்தனை வெட்டோ அத்தனை ஆண்டு அந்த மரம் சாறு கொடுத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் காலை வேளையில் விற்கும் நீராவும் ஈச்சையிலிருந்தும் பனையிலிருந்தும் இறக்குவதுதான். வெயில் ஏறினால் அதில் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிப் புளிக்க வைத்துவிடும். அதனால்தான் அதைக் குளிர வைத்துக் காலையிலேயே விற்கிறார்கள்.

ஷிந்தி கொடுப்பது சாறு மட்டுமில்லை. மராட்டிய வீடுகளில் கேர்சுணி என்று ஒரு துடைப்பம் உண்டு. ஈச்ச ஓலையில் கட்டுவது. தீபாவளி லட்சுமி பூஜை அன்று புதுக் கேர்சுணிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து லட்சுமியாகவே வணங்குகிறார்கள். ஓலை நுனியில் தூக்கணாங்குருவிகள் கூடு தொங்கவிடும். முள் நிறைந்த மரத்தில் பாம்பும் பூனையும் ஏறுவது எளிதல்ல. கோடை முடிவில் செம்மஞ்சளாகப் பழுக்கும் பழத்தில் சதை கொஞ்சம்தான். ஆனால் குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதை விடுவதில்லை. இரவில் மரநாய் வரும். கொட்டையை வேறிடத்தில் போட்டு அடுத்த மரத்தை நடுவதும் இவைதான். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பெண் மரம்தான் காய்க்கும். முதல் பூ வரும் வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சுவிட்சர்லாந்தில் பிறந்து மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த எதல்பர்ட் பிளாட்டர் என்ற பாதிரியார், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பனைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி 1926இல் வெளியிட்டார். பனைகளைப் படிக்க விரும்புவோர் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். புனேயிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல அலுவலகம் 1955இலிருந்து இயங்குகிறது. முகாம் பகுதியில் பந்தயத் திடலை ஒட்டி 39 ஏக்கரில் எம்பிரஸ் கார்டன் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். பூக்களைப் பார்த்த கையோடு அங்குள்ள பனைகளின் தண்டையும் ஓலை மடிப்பையும் பார்த்து வாருங்கள்.

சரி, நடுவோமா? விதையிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. கடையில் வாங்கிய பேரீச்சம்பழத்தின் கொட்டைகளை நன்றாகக் கழுவுங்கள். ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் தெரியும். மறுபக்கம் நடுவில் சின்ன வட்டப் புள்ளி தெரியும்; அதற்கு அடியில்தான் கரு தூங்குகிறது. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு ஈரத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். சில வாரங்களில் அந்த வட்டப் புள்ளியிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் நீளும். அது வேர் என்று நினைப்பீர்கள். இல்லை. அது வித்திலையின் காம்பு. கருவைத் தன் நுனியில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். போதிய ஆழம் போன பிறகு, அந்த நுனியிலிருந்து வேர் கீழேயும், கொட்டையிலிருந்து தள்ளி வேறொரு இடத்தில் இலை மேலேயும் வரும்.

இதே வேலையைப் பனங்கொட்டையும் செய்கிறது. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, இப்படி மண்ணுக்குள் இறங்கிப் பருத்த இளம் பனைதான். அந்தக் கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பஞ்சுபோன்ற இனிப்பான தவுண், கொட்டைக்குள் இருந்தபடி உணவை உறிஞ்சிக் கிழங்குக்கு அனுப்பும் உறுப்பு. குட்டிப் பனை தன் ஒற்றைக் குருத்தை வெயிலும் தீயும் ஆட்டின் வாயும் எட்டாத ஆழத்தில் ஒளித்து வைக்கிறது. வறண்ட நாட்டில் பிழைக்க இதைவிட நல்ல வழி இருக்க முடியுமா?

ஈச்சங்கொட்டையும் இப்படியே முளைக்கும். இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம். முதல் இலை புல்லைப்போல ஒற்றை வாளாக வரும். பிளவுபட்ட ஓலை வரச் சில ஆண்டுகள் ஆகும். தண்டு தெரிய இன்னும் சில ஆண்டுகள். அந்தக் காலமெல்லாம் அது சும்மா இருக்கவில்லை. மண் மட்டத்தில் தன் தண்டின் அகலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் பருக்க முடியாது அல்லவா? எத்தனை அகலம் வேண்டுமோ அதை முடித்த பிறகுதான் உயரப் புறப்படும். அதனால் இந்தக் காலத்தில் தண்ணீரும் சத்தும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் ஓர் ஆண்டு வறட்சியில் வாடினால், அப்போது உண்டாகும் தண்டுப் பகுதி ஒடுங்கிப்போகும். நல்ல மழை வந்ததும் மேலே அகலம் திரும்பும். பழைய தென்னையில் நடுவே இடுங்கிய இடம் தெரிந்தால், அது அந்த மரம் பட்ட ஏதோ ஒரு கஷ்ட காலத்தின் அடையாளம்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் நர்சரிக் கன்று வாங்கலாம். நல்ல வெயில் விழும் இடம் வேண்டும். மே மாதத்திலேயே மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி தோண்டி ஆறப்போடுங்கள். கரிசல் மண் என்றால் தோண்டிய மண்ணோடு முரமும் போய்ட்டாவும் கலந்து, சுற்றுத்தரையைவிடச் சற்று மேடாக நிரப்புங்கள். பனைக்கு வறட்சியைவிட, வேர் மூச்சுவிட முடியாத களிதான் கெடுதல். நன்றாக மக்கிய தொழுவுரம் மட்டும் போடுங்கள். பச்சைச் சாணக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது வளர்ந்து நேராகக் குருத்தைத்தான் குடையும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு தெரிந்தால் அது வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கன்று பையில் எந்த மட்டம் வரை மண்ணுக்குள் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டை ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஓலை வெட்டுவதைப் பற்றி. தீபாவளிக்கு முன்னும் மழைக்கு முன்னும் சொசைட்டிகளில் மரங்களை ஒழுங்குபடுத்துகிறோம் என்று பச்சை ஓலைகளையும் சேர்த்து வெட்டி, உச்சியில் நான்கைந்து குருத்தோலையை மட்டும் விடுகிறார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கிறதாம். ஓலைதான் மரத்தின் சமையலறை. அதோடு பொட்டாசியம் என்ற சத்து மண்ணில் குறைந்தால், மரம் கிழட்டு ஓலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. கீழ் ஓலையில் மஞ்சள் ஆரஞ்சுப் புள்ளிகள் வருவது அதனால்தான். அந்த ஓலையை வெட்டினால் சேமிப்பையே வெட்டுகிறோம். அடுத்த ஓலை மஞ்சளாகும். முற்றிலும் காய்ந்து பழுப்பானதை மட்டும் எடுக்கலாம். கீழ் ஓலை மஞ்சளானால் பொட்டாஷ் உரம் கேளுங்கள். புது ஓலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது வேறு நோய்: புனே மண்ணின் சுண்ணாம்பு இரும்புச்சத்தைக் கரைய விடாமல் பூட்டிவைத்திருக்கிறது. அதற்கு இரும்புச்சத்து மருந்து தனியாகக் கிடைக்கும்.

பனை உழவாரன் என்ற சின்னஞ்சிறு பறவை விசிறி ஓலைப் பனைகளில் தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில், தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு கட்டுகிறது. முட்டையையும் எச்சிலாலேயே கூட்டில் ஒட்டிவைக்கும். காய்ந்து தொங்கும் ஓலையும் அதற்கு வீடு. பார்க்காமல் வெட்டினால் குஞ்சுகளோடு கீழே வரும். உங்கள் சொசைட்டியில் மரம் வெட்ட வரும் தோட்டக்காரர் மாலி காகாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "காகா, பச்சை ஓலையை விட்டுவிடுங்கள், ஆணி வைத்த பூட்ஸ் போட்டு ஏறாதீர்கள்." செயலாளரிடமும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் எழுதினால் பெரியவர்கள் படிப்பார்கள்.

வரும் ஜூனில் முதல் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஊறியதும், பாட்டில் பாம் நட இருந்த இடத்தில் ஓர் ஈச்சங்கன்றை நடச் சொல்லுங்கள். மழை நின்ற பிறகு வரும் முதல் இரண்டு கோடைக்கும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதற்கு வேர் நனையத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.